போலி முறைவழியாக்கியை மென்பொருள் இனங்காணும் வகை – ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் இலக்கணம் பயில்வோர்க்குப் ‘போலி’ என்னுஞ் சொல் புதியதன்று. அமச்சு என்பது அமைச்சு எனவும், நலம் என்பது நலன் எனவும் வருமிடத்து, ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறோரெழுத்து வந்து நின்றும் சொல்லின் பொருள் திரிபடைவதில்லை. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நின்று அதன் தொழிலைக் குறைவின்றிச் செய்வதையே இலக்கண நூலார் போலி என்றனர். உலக வழக்கில் அச்சொல்லின் மீது ஏறியுள்ள ஏமாற்று என்னும் பொருள் இலக்கண வழக்கில் இல்லை. கணினியியலில் ‘எமியுலேற்றர்’ என வழங்கும் ஏற்பாட்டினை விளங்கிக்கொள்ள இவ்விலக்கணக் கருத்துப் பெரிதும் துணைசெய்யும்.

கணினியின் மூளை எனப்படும் முறைவழியாக்கி ஒவ்வொன்றும் தனக்கென வரையறுக்கப்பட்ட அறிவுறுத்தற் தொகுதி ஒன்றை உடையது. ஒரு முறைவழியாக்கிக்கென எழுதப்பட்ட நிரலை வேறொன்று நேரடியாக நிறைவேற்ற இயலாது. ஆனால், இரண்டாவது பொறியில் இயங்கும் மென்பொருள் ஒன்று முதற் பொறியின் அறிவுறுத்தல்களை ஒவ்வொன்றாக வாசித்து, அவற்றின் விளைவைத் தன் பொறியில் உண்டாக்குமாயின், அந்நிரல் தான் பிறந்த பொறியிலேயே இயங்குவதுபோல இயங்கும். இவ்வாறு மென்பொருளால் ஆக்கப்படுவதே போலி முறைவழியாக்கியாகும். இதற்கு நெருங்கிய உறவுடைய மெய்நிகர் பொறியிலோ, பெரும்பாலான அறிவுறுத்தல்களை உண்மை முறைவழியாக்கியே நிறைவேற்ற, முறைமையின் கட்டுப்பாட்டைத் தொடும் சிலவற்றை மட்டும் மேற்பார்வை நிரல் ஒன்று இடைமறித்துத் தானே செய்து கொடுக்கும்.

இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. தான் நிற்பது உண்மைத் தரையிலா, வரைந்த தரையிலா என்பதை அந்நிரல் அறிய முடியுமா? அறியுமாயின் எவ்வாறு அறிகின்றது? அவ்வறிவு யாருக்குப் பயன்படுகின்றது? நுட்பவியலார்க்கு மட்டும் உரியதுபோலத் தோன்றும் இவ்வினா, கடந்த அறுபது ஆண்டுகளில் வணிகம், குற்றவியல், ஆவணப் பாதுகாப்பு ஆகிய துறைகளை நேரடியாகப் பாதிக்கும் வினாவாக வளர்ந்துள்ளது. அவ்வளர்ச்சியினை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்புக்கு வந்த பொறி

எந்தப் பொறியையும் போலச் செய்யவல்ல ஒரு பொதுப் பொறி சாத்தியமே என்பதை அலன் ரூறிங் 1936 இல் கணித முறையாக நிறுவினார். போலச் செய்தலின் கோட்பாட்டு மூலம் அதுவே. எனினும் அதனை வணிகத் தேவையாக்கியது 1960களின் கணினிச் சந்தையே. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரல் 7 ஆம் நாள் தனது ‘சிஸ்ரம் 360’ தொடரை அறிவித்தபோது, வாடிக்கையாளர்கள் பழைய 1401, 7090 முதலிய பொறிகளுக்கென எழுதி வைத்திருந்த நிரல்கள் பெருந்தொகையாக இருந்தன. அவற்றை மீள எழுதுமாறு கேட்பது அவர்களைப் போட்டி நிறுவனங்களிடம் அனுப்புவதற்கு ஒப்பாகும். ஆதலால் புதிய பொறியின் நுண்நிரலைக் கொண்டு பழைய பொறிகளைப் போலச் செய்விக்கும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. ‘எமியுலேற்றர்’ என்னும் பெயர் கணினித் துறையில் நிலைபெற்றது இக்காலத்திலேயாம்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் பிரித்தானியாவின் ஐ.சி.ரி. நிறுவனம் தனது 1900 தொடரை வெளியிட்டது. 1968 இல் அந்நிறுவனம் பிற நிறுவனங்களோடு இணைந்து ஐ.சி.எல். ஆயிற்று. 1960களின் பிற்பகுதியில் கொழும்பில், அரச பொறியியற் கூட்டுத்தாபனத்தில் நிறுவப்பட்ட கணினி இத்தொடரைச் சேர்ந்ததேயாகும். இலங்கைக்கு முதலில் வந்த கணினிகளுள் ஒன்றாக அது பேசப்படுவது பலரும் அறிந்ததே. அத்தொடரின் அமைப்பிலேயே போலச் செய்தல் கலந்திருந்தமை அவ்வளவாக அறியப்படாத செய்தி. 1900 தொடரின் பெரிய, சிறிய மாதிரிகள் யாவும் நிரலருக்கு ஒரே அறிவுறுத்தற் தொகுதியையே காட்டின. சிறிய மாதிரிகளின் வன்பொருளில் இல்லாத அறிவுறுத்தல்கள் வந்தபோது, ‘எக்செக்கியூட்டிவ்’ என்னும் மேலாண்மை நிரல் அவற்றை இடைமறித்து மென்பொருளாலேயே நிறைவேற்றிக் கொடுத்தது. பயன்படுத்துவோரின் நிரலுக்கு இவ்விரண்டிற்கும் வேறுபாடு தெரியாது, விடை ஒன்றே. வேறுபட்டது, விடை வருவதற்கு எடுத்த நேரம் மட்டுமே. பின்னாளில் இத்துறையின் மையச் சிக்கலாக உருவெடுத்த காலம் என்னும் காரணி இங்கேயே வித்தாகக் கிடந்தது எனலாம்.

1974 இல் ஐ.சி.எல். 2900 தொடரை அறிமுகஞ் செய்தபோது, அதே வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. புதிய தொடரின் அமைப்பு முற்றிலும் வேறானது; வாடிக்கையாளரின் நிரல்களோ 1900 தொடருக்கு உரியன. எனவே புதிய பொறியை 1900 பொறியாக நடந்துகொள்ளச் செய்யும் நுண்நிரல் வழங்கப்பட்டது. பழைய முதலீட்டைக் காப்பாற்றுவதே போலி முறைவழியாக்கிகள் பிறந்ததற்குரிய பொருளாதாரக் காரணம் என்பதை இவ்விரு எடுத்துக்காட்டுகளும் தெளிவாக்குகின்றன.

தன்னை அறிவித்த போலி

தொடக்க காலத்தில் போலி தன்னை மறைக்க முயலவில்லை. ஐ.பி.எம். 1972 இல் வெளியிட்ட ‘வி.எம். 370’ முறைமை ஒரே பொறியைப் பல பயனாளருக்குப் பல தனிப் பொறிகளாகக் காட்டியது. அதனுள் இயங்கிய பணிசெயல் முறைமை, முறைவழியாக்கியின் அடையாள எண்ணைக் கேட்கும் அறிவுறுத்தலைப் பிறப்பிக்குமாயின், பதிப்பு எண் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப் எஃப்’ என்னும் பதினறுமக் குறியீட்டைப் பெறும். தான் வி.எம். மேல் இயங்குவதை அதனால் அறிந்துகொள்ளும் உள்முறைமை, ஒரே வேலையை இருவரும் இருமுறை செய்வதைத் தவிர்த்து, மேற்பார்வை நிரலோடு ஒத்துழைக்கலாம். ஒருவரையொருவர் அறிந்த இருவரின் உடன்பாடு போன்றது இந்நிலை. இனங்காணல் இங்கே நாகரிகமான ஓர் அறிமுகமாக இருந்தது.

இரண்டாண்டுகளின் பின்னர், 1974 இல், ஜெரல்ட் பொபெக், றொபேட் கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் மெய்நிகர் பொறிக்கான இலக்கணத்தை வகுத்தனர். மூன்று பண்புகளை அவர்கள் வேண்டினர். மெய்நிகர் பொறியில் நிரலின் நடத்தை உண்மைப் பொறியில் உள்ளதை ஒத்திருத்தல். வளங்கள் யாவும் மேற்பார்வை நிரலின் கட்டுப்பாட்டில் இருத்தல். பெரும்பாலான அறிவுறுத்தல்கள் இடையீடின்றி உண்மைப் பொறியிலேயே நிறைவேறுதல் என்பன அவை. இவற்றை அடைவதற்குப் போதிய நிபந்தனையும் கூறப்பட்டது. முறைமையின் நிலையைத் தொடுகின்ற அல்லது வெளிப்படுத்துகின்ற அறிவுறுத்தல்கள் அனைத்தும் சிறப்புரிமை பெற்றனவாக இருத்தல் வேண்டும். அதாவது, சாதாரண நிரல் அவற்றைக் கையாளும்போது கட்டுப்பாடு மேற்பார்வை நிரலிடம் சென்றடைதல் வேண்டும்.

முதற் பண்பு, பொருள் திரியாமை என்னும் இலக்கணப் போலியின் பண்பேயாகும். ஆனால் அவ்வாசிரியர்கள் அதற்கு ஒரு விலக்கும் வைத்தனர். நேரத்தாலும் வளங்களின் அளவாலும் ஏற்படும் வேறுபாடுகளை அவர்கள் ஒப்புமைக்குள் அடக்கவில்லை. ஒப்புமை என்பது விடையில் மட்டுமே. விடை வரும் நேரத்தில் அன்று. கோட்பாட்டு நூலிலேயே திறந்து வைக்கப்பட்ட இவ்வாயில் வழியாகத்தான் பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் பலர் நுழைந்தனர்.

வழுக்களே சாட்சி

1970களின் நடுப்பகுதியில் நுண்முறைவழியாக்கிகள் பெருகின. இன்ரெல் 1974 இல் 8080 ஐயும், சைலொக் 1976 இல் அதனோடு ஒத்தியங்கும் இசற் 80 ஐயும் வெளியிட்டன. 8080 இற்கு எழுதிய நிரல்கள் இசற் 80 இல் இயங்கின. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஓர் எண்ணை அதே எண்ணிலிருந்து கழித்தால் விடை சுழியம். 8080, கணித்தலின் பின்னர், விடையிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையா என்பதை ஒரு கொடியினால் காட்டும். சுழியம் இரட்டையாதலின் கொடி உயரும். இசற் 80 அதே கொடியைக் கணித்தலின்போது எல்லை மீறலைக் காட்டப் பயன்படுத்தியது. இங்கு மீறல் இல்லையாதலின் கொடி தாழும். இந்த ஒரு கழித்தலைக் கொண்டே, தான் எந்த முறைவழியாக்கியில் இருக்கின்றது என்பதை ஒரு நிரல் தீர்மானித்துவிடலாம்.

இவ்வாறே 1978 இன் 8086, அடுக்குச் சுட்டியை அடுக்கில் இடும்போது குறைக்கப்பட்ட பெறுமானத்தை இட, 1982 இன் 80286 குறைப்பதற்கு முன்னைய பெறுமானத்தை இட்டது. கையேட்டின் மூலையில் கிடந்த இத்தகைய சிறு வேறுபாடுகள் நிரலர்களுக்கு அடையாளச் சான்றுகளாயின. முறைவழியாக்கியிடமே பெயரைக் கேட்டறிவதற்கான ‘சி.பி.யூ. ஐ.டி.’ என்னும் அறிவுறுத்தல் இன்ரெல் குடும்பத்தில் 1993 அளவிலேயே நிலைபெற்றது. அதுவரை பெயரைக் கேட்க வழியில்லாமையால், நடையைப் பார்த்தே ஆளை அடையாளங் காண வேண்டியிருந்தது.

இதிலிருந்து வெளிப்படும் உண்மை ஆழமானது. பொறியின் அடையாளம் அதன் சிறப்புகளில் மட்டுமன்றி அதன் குறைகளிலும் தங்கியுள்ளது. 1994 இல் இன்ரெல்லின் பென்ரியம் முறைவழியாக்கியின் வகுத்தற் பகுதியில் வழு ஒன்று இருப்பதைத் தோமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர் வெளிப்படுத்தினார். 4195835 ஐ 3145727 ஆல் வகுக்கும்போது 1.33382 என வரவேண்டிய விடை, வழுவுள்ள பொறியில் 1.33374 என வந்தது. அக்காலப் பென்ரியத்தைப் போலச் செய்யும் மென்பொருளொன்று இவ்வகுத்தலைச் சரியாகச் செய்துவிடுமாயின், அந்தச் சரியே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நளவெண்பாவைக் கற்றோர்க்கு இந்நிலை வியப்பளிக்காது. சுயம்வர மண்டபத்தில் நளனுருக் கொண்டு அமர்ந்த தேவர்களிடையே உண்மை நளனைத் தமயந்தி எவ்வாறு இனங்கண்டாள்? இமைக்கும் கண்ணையும் நிலந்தோயும் அடியையும் வாடும் மாலையையும் கொண்டே கண்டாள். தேவர்கள் நளனிலும் குறைந்தவராய் இருந்தமையால் அகப்படவில்லை. நளனுக்கு இயல்பாயிருந்த மானிடக் குறைகள் அவர்களிடம் இல்லாமையாலேயே அகப்பட்டனர். கணினி ஆய்வாளர்கள் வெளியிட்டுவரும் இனங்காணல் முறைகளுட் பல இத்தமயந்தி முறையின் வேறுவடிவங்களே. எடுத்துக்காட்டாக, இன்ரெல் குடும்பத்தின் உண்மை முறைவழியாக்கி 15 பைற்றுக்கு மேல் நீளும் அறிவுறுத்தலை ஏற்காது வழுச்செய்தி தரும். அவ்வெல்லையைப் பொருட்படுத்தாத போலியோ, பணிவுடன் அதனை நிறைவேற்றித் தன்னை வெளிப்படுத்தும்.

பதினேழு அறிவுறுத்தல்களும் செம்மாத்திரையும்

இன்ரெல் குடும்ப முறைவழியாக்கிகள் பொபெக்–கோல்ட்பேர்க் இலக்கணத்துக்கு அமைந்தவை அல்ல. 1998 இல் தொடங்கிய வி.எம்.வெயார் நிறுவனம், சிக்கலான பகுதிகளை இயங்கும்போதே மாற்றியெழுதும் உத்தியால் அக்குறையைக் கடந்து, 1999 இல் தனது மெய்நிகர் பொறியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. ஆனால் அடிப்படைக் குறை மறையவில்லை. 2000 ஆம் ஆண்டில் ஜோன் றொபின், சிந்தியா ஏர்வின் ஆகியோர் பென்ரியம் முறைவழியாக்கியின் அறிவுறுத்தல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, முறைமையின் நிலையை வெளிப்படுத்தியும் சிறப்புரிமை பெறாதவையாய் விடப்பட்டவை 17 எனக் காட்டினர். அவை மேற்பார்வை நிரலுக்கு அறிவிக்காமலே உண்மையை நிரலிடம் கூறிவிடும் வாயில்களாகும்.

அவ்வாயில்களுள் ஒன்றினூடாகவே 2004 நவம்பரில் போலந்து நாட்டு ஆய்வாளர் ஜோஆனா ருட்கோவ்ஸ்கா நுழைந்தார். இடையீட்டு அட்டவணை நினைவகத்தில் எங்குள்ளது என்பதைத் தெரிவிக்கும் அறிவுறுத்தலை எந்தச் சாதாரண நிரலும் பயன்படுத்தலாம். முறைவழியாக்கியில் அதற்கான பதிவகம் ஒன்றே. மேற்பார்வை நிரலும் உள்முறைமையும் தத்தமக்கு ஓர் அட்டவணை வேண்டுமாதலின், உள்முறைமையின் அட்டவணை வேறோர் இடத்துக்கு நகர்த்தப்படுகின்றது. விடையாக வரும் முகவரி வழமைக்கு மாறாக உயர்ந்திருக்குமாயின், நிரல் மெய்நிகர் பொறியில் உள்ளது என முடிவு செய்யலாம். ஒரேயொரு அறிவுறுத்தலில் அமைந்த இச்சோதனைக்கு, 1999 இல் வெளிவந்த ‘மேற்றிக்ஸ்’ திரைப்படத்தில் மாயையைக் கலைக்கும் செந்நிற மாத்திரையின் பெயரை அவர் இட்டார். அன்றுமுதல் இவ்வகைச் சோதனைகள் யாவும் செம்மாத்திரை என்றே வழங்கலாயின.

அம்மாத்திரையின் வீரியம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களையுடைய முறைவழியாக்கிகளில் ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனி அட்டவணை இருந்தமையால் விடை குழம்பிற்று. 2005 இன் இறுதியில் இன்ரெல்லும் 2006 இல் ஏ.எம்.டி.யும் மெய்நிகராக்கத்துக்கு வன்பொருள் உதவியை வழங்கியபின், உள்முறைமை நகர்த்தலின்றித் தன் சொந்த அட்டவணையையே கண்டது. அதே 2006 இல் ருட்கோவ்ஸ்கா நேரெதிரான நீலமாத்திரையை முன்வைத்தார். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை, அதன் பணிசெயல் முறைமை அறியாவண்ணம் மெய்நிகர் பொறிக்குள் நழுவவிடும் முறை அது. இனங்காணும் கலையும் மறைக்கும் கலையும் ஒரே கையிலிருந்து பிறந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

காலம் என்னும் சாட்சி

நீலமாத்திரையைக் கண்டறிய முடியுமா என்ற விவாதம் 2007 இல் உச்சமடைந்தது. அவ்வாண்டு ரல் கார்ஃபிங்கல் முதலிய நால்வர், பிறழாது ஒத்தியங்குதல் வேறு, கண்ணுக்குப் புலப்படாதிருத்தல் வேறு என்னும் கருத்தை வலியுறுத்தினர். அவர்கள் காட்டிய முதன்மைக் காரணம் நேரமேயாம். வன்பொருள் உதவியுடைய இன்ரெல் பொறியிலும் ‘சி.பி.யூ. ஐ.டி.’ அறிவுறுத்தல் ஒவ்வொரு தடவையும் மேற்பார்வை நிரலுக்குச் சென்று திரும்பவேண்டும். முறைவழியாக்கியின் துடிப்பு எண்ணியை அவ்வறிவுறுத்தலுக்கு முன்னும் பின்னும் வாசித்தால், உண்மைப் பொறியிற் சிறிதளவாக இருக்கவேண்டிய இடைவெளி பன்மடங்காகத் தோன்றும். மேற்பார்வை நிரல் எண்ணியைத் திருத்திப் பொய் சொல்லலாம். ஆனால் வலையமைப்பின் வழியே வெளியிலுள்ள கடிகாரமொன்றைக் கேட்குமிடத்து, அப்பொய் நிலைக்காது. ஒரு பொறியினுள் எதனையும் புனையலாம். பொறிக்கு வெளியே ஓடும் காலத்தைப் புனைய இயலாது.

அறிவுறுத்தல்களை மொழிபெயர்த்து இயக்கும் முழுப் போலிகளில் இச்சிக்கல் இன்னும் பெரிது. பிரெஞ்சு நிரலரான ஃபப்ரிஸ் பெலாட் 2003 இல் வெளியிட்ட ‘கியூஎமு’ இவ்வகையில் பெயர்பெற்றது. ஒரு பகுதியை முதன்முறை இயக்கும்போது மொழிபெயர்ப்புக்கு நேரம் செல்லும். மறுமுறை விரைவாக ஓடும். உண்மைப் பொறியின் பதுக்கு நினைவகம் காட்டும் நேர ஏற்றத்தாழ்வோ வேறு வகையினது. 2009 இல் மிலான் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஒருபடி மேற்சென்று, உண்மை முறைவழியாக்கியிலும் போலியிலும் ஒரே அறிவுறுத்தல்களை இயக்கி விளைவுகளை ஒப்பிட்டு, புதிய செம்மாத்திரைகளை ஆயிரக்கணக்கில் தானியக்கமாகவே உருவாக்கிக் காட்டினர். தனிமனிதரின் நுண்ணறிவால் கண்டெடுக்கப்பட்டது அன்றுமுதல் பொறியால் விளைவிக்கப்படும் பொருளாயிற்று.

ஆய்வுகூடமும் கள்வனும்

இவ்வினா ஏன் ஆய்வுகூடத்தைக் கடந்து முக்கியமடைகின்றது? தீங்கு நிரல்களை ஆராய்வோர் அவற்றைத் தம் சொந்தக் கணினியில் இயக்குவதில்லை. போலிப் பொறியொன்றினுள் அடைத்து, அவை செய்வதை அவதானிக்கின்றனர். அதனை அறிந்த தீங்கு நிரல் எழுதுவோர், நிரல் முதலில் தன் தரையைச் சோதிக்குமாறு அமைக்கின்றனர். போலி எனக் கண்டால் நிரல் நல்லொழுக்கத்துடன் அடங்கிக் கிடக்கும். உண்மைப் பொறியிற் சென்ற பின்னரே தன் தொழிலைத் தொடங்கும். சோதனைச் சாவடியில் மட்டும் சாதுவாக இருப்பவனின் உத்தி இது.

கைத்தொலைபேசியில் இது மேலும் நுட்பமடைந்தது. அன்ரொயிட் போலியின் வன்பொருட் பெயர் ‘கோல்ட்ஃபிஷ்’ என இருந்தமை, சாதன எண்ணில் சுழியங்களே நிறைந்திருந்தமை முதலிய எளிய அடையாளங்கள் முதலிற் பயன்பட்டன. 2019 சனவரியில் கண்டறியப்பட்ட வங்கித் தகவல் திருடும் நிரலொன்று, தொலைபேசியின் அசைவுணரியைக் கவனித்தது. மனிதர் கையிலுள்ள தொலைபேசி அசையும். ஆய்வுகூடப் போலியில் அசைவு இல்லை. அசைவைக் கண்ட பின்னரே அந்நிரல் செயற்பட்டது. நிலந்தோயா அடியைத் தேடிய தமயந்தியின் முறை கள்வனின் கைக்குச் சென்ற கதை இது.

கொழும்பு இப்போர்க்களத்துக்குப் புறத்தே நிற்கவில்லை. 2006 இல் இலங்கையின் கணினி அவசர நிலைத் தயார்படுத்தல் அணி அமைக்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நிறைவேறியது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து தீங்கு நிரலின் துணையுடன் களவாடப்பட்ட பணத்தில் 20 மில்லியன் டொலர் கொழும்பு வங்கியொன்றுக்கு அனுப்பப்பட்டு, பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் ஐயம் எழுந்து தடுக்கப்பட்டது. கோடிக்கணக்கான பணத்தைக் காத்தது ஓரெழுத்தின் பிறழ்வு. சிறு பிறழ்வுகளைக் கூர்ந்து நோக்கும் பயிற்சி எத்துணைப் பயனுடையது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும் வரலாறு இங்கு ஒரு முரண்நகையை வைத்துள்ளது. 2007 இன் ஆய்வாளர்கள் முன்னறிந்து கூறியவாறே, பிற்காலத்தில் நிறுவனங்களின் சேவையகக் கணினிகள் பெரும்பாலும் மெய்நிகர் பொறிகளாகவே மாறின. மெய்நிகர் பொறி என்றதும் ஒதுங்கிக்கொள்ளும் தீங்கு நிரல், தன் இரையையே இழக்கும் நிலை தோன்றியது. போலி பொதுவழக்கானபோது, போலியென்று காட்டிக் கொடுப்பதன் பயன் குன்றியது.

அச்சகங்களும் அழியும் கோப்புகளும்

இவ்வினா தமிழுக்கு எவ்வாறு உரியதாகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் தமிழ் அச்சகங்கள் ஈய எழுத்துக்களைக் கோத்த முறையைக் கைவிட்டுக் கணினிக்கு மாறியது ஏறத்தாழ 1990களிலாகும். கவிதைத் தொகுதிகளும், ஆலய மலர்களும், சங்கச் சஞ்சிகைகளும், நினைவு மலர்களும் கணினியில் எழுத்துக் கோக்கப்பட்டு அச்சேறின. 1991 இலேயே யுனிகோட் நியமத்தில் தமிழ் இடம்பெற்றுவிட்டபோதிலும், நடைமுறையிற் பாமினி போன்ற எழுத்துருக்களே கோலோச்சின. அவ்வெழுத்துருவை நீக்கினால் தமிழ்ப் பக்கம் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகும். அதனை மாற்று அட்டவணை கொண்டு யுனிகோட்டுக்குப் பெயர்த்துவிடலாம். பக்க அமைப்புக் கோப்புகளின் நிலை அவ்வளவு எளிதன்று. அவை தம்மை ஆக்கிய மென்பொருளில் மட்டுமே பழுதின்றித் திறக்கும். அம்மென்பொருள் பழைய பணிசெயல் முறைமையில் மட்டுமே இயங்கும். அம்முறைமைக்குரிய கணினிகளோ ஒவ்வொன்றாகச் செயலிழந்து வருகின்றன.

இந்நிலையில் எஞ்சும் வழி போலி முறைவழியாக்கியே. எண்ணிம ஆவணங்களைக் காப்பதற்குப் போலச் செய்தலே ஏற்ற வழியென ஜெஃப் றொதென்பேர்க் 1990களிலேயே வாதிட்டார். ஆனால் அக்கால அச்சுக்கோப்பு மென்பொருள்கள் சில, களவுப் பிரதியைத் தடுப்பதற்காகக் கணினியின் பின்புறத்திற் செருகும் வன்பூட்டுடன் விற்கப்பட்டன. பூட்டு இல்லையெனிலோ, எதிர்பார்த்த நேரத்தில் விடை வரவில்லையெனிலோ அவை இயங்க மறுக்கும். உரிமையாளரின் வருவாயைக் காக்கப் பிறந்த அச்சோதனை, விற்பனையாளரும் வாங்கியவரும் மறைந்த பின்னரும் காவலை விடாது நிற்கின்றது. அப்போது அது கள்வனைத் தடுக்கவில்லை. ஆவணக் காப்பாளரையே தடுக்கின்றது.

1981 இன் மே இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பராயின. அவ்விழப்பின் நினைவு ஈழத்துத் தமிழரிடையே ஆவணப் பாதுகாப்பை ஓர் இயக்கமாக்கியது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் அச்சுப் பிரதிகளை வருடி இணையத்தில் வைத்துவருவது அவ்வழியிலான பெரும்பணி. அச்சேறியதும் கிடைப்பதுமான பக்கங்களை இவ்வாறு காத்துவிடலாம். அச்சேறாது கோப்பாகவே நின்றவற்றுக்கும், அச்சுப் பிரதிகள் அழிந்து கோப்பு மட்டும் எஞ்சியவற்றுக்கும் அவ்வழி திறந்ததன்று. நெருப்பு ஓரிரவிற் செய்ததைத் திறக்க மறுக்கும் மென்பொருள் ஓசையின்றிச் செய்துவிடும்.

மறைத்தலும் அறிவித்தலும்

அண்மைக்காலப் போக்கு, இவ்வரலாறு தொடங்கிய இடத்தை ஓரளவு நோக்கித் திரும்புவதாகவே தோன்றுகின்றது. அப்பிள் நிறுவனம் 2020 இல் இன்ரெல் முறைவழியாக்கியிலிருந்து தன் சொந்த முறைவழியாக்கிக்கு மாறியபோது, பழைய நிரல்களை மொழிபெயர்த்து இயக்கும் ‘றொசெற்றா 2’ ஐ வழங்கியது. தான் மொழிபெயர்ப்பில் இயங்குகின்றதா எனப் பணிசெயல் முறைமையையே கேட்டறிவதற்கு நிரலுக்கு ஒரு வழியும் வெளிப்படையாக ஆவணப்படுத்தப்பட்டது. இன்ரெல் குடும்பத்திலும் மெய்நிகர் பொறியென்பதைத் தெரிவிக்க ‘சி.பி.யூ. ஐ.டி.’ விடையில் ஒரு துண்டு ஒதுக்கப்பட்டுள்ளது.

திறந்த நியமமான ‘றிஸ்க் ஃபைவ்’ இல் இவ்வெண்ணம் அமைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. முறைவழியாக்கியின் கட்டமைப்பு எண்ணைத் தாங்கும் பதிவகம் ஒன்று அதில் உண்டு. எண்களை வழங்கும் பொதுப் பட்டியலும் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வி. காமகோடி முதலியோர் முன்னின்று உருவாக்கிய ‘சக்தி’ முறைவழியாக்கிக் குடும்பம் இந்நியமத்தைச் சார்ந்தது. அதன் முதற் சில்லு 2018 இல் இயங்கியது. அக்கழகத்தின் பெயர் இடம்பெறும் அதே பட்டியலிற் ‘ஸ்பைக்’, ‘கியூஎமு’ ஆகிய போலிகளும் தத்தமக்குரிய எண்களுடன் இடம்பெற்றுள்ளன. உண்மையும் போலியும் ஒரே பதிவேட்டில், ஒளிவின்றி, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகளுக்கு வரலாம். முழுமையாகப் புலப்படாத போலி என்பது நடைமுறையில் இல்லை. விடையை ஒப்பச் செய்யலாம், வழுக்களையும் அரிதின் முயன்று ஒப்பச் செய்யலாம், காலத்தை ஒப்பச் செய்தல் இயலாது. இனங்காணும் அறிவு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. வி.எம். 370 இல் அது ஒத்துழைப்புக்குப் பயன்பட்டது; தீங்கு நிரலிற் பதுங்கலுக்குப் பயன்பட்டது; வன்பூட்டில் வாயிலை அடைக்கப் பயன்பட்டது. எனவே ஆராய வேண்டியது நிரல் தன் தரையை அறிகின்றதா என்பதன்று, அறிந்தபின் என்ன செய்கின்றது என்பதே. அறிவதற்கு நிரலுக்குள்ள உரிமையை மறுக்கவேண்டியதில்லை. அறிந்த காரணத்தால், மனிதர் எழுதி வைத்ததை அவர்தம் வழித்தோன்றல்களுக்கே காட்ட மறுக்கும் உரிமையை எந்த நிரலுக்கும் வழங்கலாகாது. பழைய கோப்புகளை வைத்திருக்கும் அச்சகத்தாரும், சங்கங்களும், பல்கலைக்கழக நூலகங்களும் அவற்றை ஆக்கிய மென்பொருளையும் வன்பூட்டையும் இயங்கும் நிலையிலுள்ள பழைய கணினியையும் சேர்த்தே பேணுவதும், அவை இயங்கும் காலத்திலேயே உள்ளடக்கத்தை வெளியே எடுத்துவைப்பதும் இன்றைய உடனடித் தேவைகளாகும்.